பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 – ஜூலை 8, 2003) தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆவார். தொழுநோயால் முடங்கிய கைகளைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் மீண்டும் இயங்கச் செய்தவராகப் பரவலாக அறியப்படுகிறார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயின் காரணமாகத் தாமாக அழுகி உதிர்வதில்லை, வலியுணர்வை இழந்ததால் ஏற்படும் காயங்களாலேயே அவை பெரும்பாலும் அழிகின்றன என்பதை எடுத்துக்காட்டியவர்களுள் இவர் முதன்மையானவர். இதன் விளைவாக, உணர்விழந்த பாதங்களுக்கென அளவெடுத்துச் செய்யப்படும் காலணிகள் மருத்துவத்தின் ஒரு பகுதியாயின. இன்று நீரிழிவு நோயாளிகளின் பாதப் பாதுகாப்பிலும் இம்முறைகளே பின்பற்றப்படுகின்றன.

பிறப்பும் கொல்லிமலை வாழ்வும்

பிராண்டின் தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் ஈவ்லின் பிராண்ட். இருவரும் கிறித்தவ மறைப்பணிக்காக இங்கிலாந்திலிருந்து அன்றைய சேலம் மாவட்டத்திற்கு வந்தவர்கள். மலையடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலம் அவர்களுடைய திருச்சபையின் சமவெளி நிலையமாக இருந்தது. 1913 இல் திருமணம் செய்துகொண்ட பின்னர் இருவரும் கொல்லிமலையில் குடியேறினர். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் மலைமேல் செல்லும் சாலை அக்காலத்தில் இல்லை. நடந்தோ, டோலியில் அமர்ந்தோதான் மேலே செல்ல இயலும்.

ஜெஸ்ஸி பிராண்ட் முறையான மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். இலண்டனில் குறுகிய கால மருத்துவப் பயிற்சி மட்டுமே பெற்றிருந்தார். எனினும் மலைவாழ் மக்களுக்குக் காய்ச்சல் மருந்து கொடுப்பது, பல் பிடுங்குவது, நரம்புச் சிலந்திப் புழுவை அகற்றுவது, சீழ்க்கட்டிகளைக் கீறுவது ஆகியவற்றைச் செய்து வந்தார். வீடு கட்டுதல், தச்சு வேலை, பள்ளி நடத்துதல் ஆகியனவும் அவருடைய பணிகளாக இருந்தன.

பால் பிராண்டும் தங்கை கோனியும் மலைச் சிறுவர்களுடன் வெறுங்காலுடன் ஓடித் திரிந்து வளர்ந்தனர். தாயே இருவருக்கும் பாடம் கற்பித்தார். ஒருமுறை பாதங்களில் கட்டுகளுடனும் விரல்கள் குறைந்த கைகளுடனும் மூவர் அவர்கள் வீட்டிற்கு வந்தனர். மற்ற நோயாளிகளைத் தயக்கமின்றித் தொடும் தந்தை அன்று கையுறை அணிந்து அவர்களின் புண்களைக் கழுவிக் கட்டினார். அவர்கள் அமர்ந்திருந்த இடத்திற்குச் செல்லக் கூடாது எனக் குழந்தைகள் எச்சரிக்கப்பட்டனர். தொழுநோயைப் பற்றி பிராண்ட் பெற்ற முதல் அறிவு இதுவே. அக்காலத்தில் அந்நோய்க்குப் பயனுள்ள மருந்து இருக்கவில்லை. புண்ணைக் கழுவிக் கட்டுவதற்கு மேல் எவராலும் எதுவும் செய்ய இயலவில்லை.

கல்வி

1923 இல், ஒன்பதாம் வயதில், பிராண்ட் பள்ளிக் கல்விக்காகத் தங்கையுடன் இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்டார். அதன் பின்னர் அவர் தந்தையைக் காணவில்லை. 1929 ஜூனில் ஜெஸ்ஸி பிராண்ட் கொல்லிமலையில் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். இறப்புச் செய்தி தந்தி மூலம் வந்துசேர்ந்தது. அவர் முன்னரே எழுதிக் கப்பலில் அனுப்பியிருந்த கடிதங்கள் அதன் பிறகும் மகனுக்கு வந்துகொண்டிருந்தன.

தந்தை சீழும் குருதியும் அகற்றுவதைப் பார்த்து வளர்ந்த பிராண்டிற்கு மருத்துவத்தின் மீது வெறுப்பே இருந்தது. மருத்துவம் படிக்கக் கிடைத்த வாய்ப்பை மறுத்துவிட்டு, பள்ளிப் படிப்பு முடிந்ததும் கட்டடத் தொழில் பயின்றார். தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றார். மறைப்பணியாளராகத் தமிழகம் திரும்பி, தந்தையைப் போல் கட்டடங்கள் எழுப்புவதே அவரது நோக்கமாக இருந்தது. பின்னர் ஒரு மருத்துவமனையில் பயிற்சி பெற்றபோது, குருதி இழந்து உயிரற்றவர் போல் கிடந்த ஒரு பெண் குருதியேற்றத்திற்குப் பின் கண் விழித்ததை அருகிலிருந்து கண்டார். அதுவே அவர் மனத்தை மாற்றியது.

இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். உடன் பயின்ற மார்கரெட் பெர்ரியை 1943 இல் மணந்தார். இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்து அறுவை மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றார்.

வேலூரில் பணி

1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் வல்லுநரான இராபர்ட் காக்ரேன் அவரை அழைத்திருந்தார். 1947 இல் காக்ரேனுடன் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிடச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கி முடங்கிய கையுடைய ஒரு நோயாளியிடம், தம் கையைப் பற்றி அழுத்துமாறு கேட்டார். பிடி வலுவற்றதாக இருக்கும் என எதிர்பார்த்தார். ஆனால் வலி தாங்காமல் கையை விடுவித்துக்கொள்ள நேர்ந்தது. அந்தக் கையில் சில தசைகள் மட்டுமே செயலிழந்திருந்தன, மற்றவை முழு வலுவுடன் இருந்தன.

இதைத் தொடர்ந்து தொழுநோயாளிகளின் கைகளை முறையாக ஆராய்ந்தார். செயலிழக்கும் தசைகள் ஓர் ஒழுங்கைப் பின்பற்றுவதைக் கண்டார். நலமான தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த தசையின் வேலையைச் செய்யுமாறு இணைக்கும் அறுவையைத் தொழுநோயாளிகளின் கைகளில் செய்யத் தொடங்கினார். இப்பணியை விளக்கி 1952 இல் இங்கிலாந்தின் அரச அறுவை மருத்துவர் கல்லூரியில் ஹண்டேரியன் சொற்பொழிவு ஆற்றினார்.

கைகள் சீரான பின்னரும் நோயாளிகளுக்குப் பிழைப்புக்கு வழி இல்லாதிருந்தது. எனவே வேலூரில் நவஜீவ நிலையம் என்ற மறுவாழ்வு இல்லம் அமைக்கப்பட்டது. அங்கே நோயாளிகள் தச்சு வேலை முதலியவற்றைக் கற்றனர். தொழில் பயின்ற பிராண்டே கருவிகளைக் கையாளக் கற்பித்தார்.

வலியிழப்பு பற்றிய ஆய்வு

தொழுநோயாளிகளின் தசையே கெட்டுப்போனது, அதில் ஏற்படும் காயம் ஆறாது என்று அக்காலத்தில் மருத்துவர் பலரும் நம்பினர். அறுவையின்போது உண்டாக்கிய காயங்கள் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறியதைப் பிராண்ட் கண்டார். எனவே விரல்கள் குறைவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும் எனக் கருதினார்.

நவஜீவ நிலையத்தில் நாள்தோறும் ஒவ்வொரு புதிய காயத்திற்கும் காரணம் தேடப்பட்டது. துருப்பிடித்த பூட்டைத் திறக்க இயலாமல் பிராண்ட் தவித்தபோது ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகித் திறந்தான். அவன் விரலில் சதை கிழிந்து எலும்பு தெரிந்தது. அவன் அதை அறியவில்லை. சூடான பாத்திரத்தைப் பிடித்தவர்களும், கைப்பிடியில் நீட்டிய ஆணியால் கிழிபட்டவர்களும் இருந்தனர். சிலருடைய விரல் ஓர் இரவில் காணாமல் போனது. தூங்கும்போது எலிகள் கடித்தது கண்காணிப்பில் தெரியவந்தது. அதன் பிறகு நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. காரணங்கள் களையப்பட்டபோது விரல் இழப்புகள் பெரிதும் குறைந்தன.

1953 இல் அமெரிக்கப் பயணம் முடித்து இலண்டன் திரும்பிய இரவில் பிராண்ட் தம் குதிகால் ஒன்றில் உணர்வு இல்லாததைக் கவனித்தார். ஊசியால் குத்தியும் வலிக்கவில்லை. தமக்குத் தொழுநோய் பற்றிவிட்டது என எண்ணி இரவு முழுவதும் விழித்திருந்தார். குடும்பத்தையும் பணியையும் பிரிய நேரும் என அஞ்சினார். காலையில் மீண்டும் குத்தியபோது வலித்தது. தொடர்வண்டியில் நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்திருந்ததால் நரம்பு மரத்திருந்தது. வலியை உடலின் காவலாகக் கருதும் அவரது கொள்கை இந்நிகழ்வால் மேலும் உறுதிப்பட்டது.

பாதப் புண்கள்

கைகளைவிடப் பாதங்களின் நிலை கடினமானது. கையை வேலையிலிருந்து விலக்கி வைக்கலாம். நடக்காமல் வாழ இயலாது. உள்ளங்காலில், குறிப்பாக விரல்களின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும், தோன்றும் ஆறாப் புண்களால் பலர் காலை இழந்தனர். படுக்கையில் ஓய்வெடுத்தால் ஆறும் புண், வீடு திரும்பி நடந்ததும் மீண்டும் வந்தது.

உணர்விழந்த பாதம் அழிவதற்குப் பிராண்ட் வெவ்வேறு வழிகளைப் பிரித்துக் காட்டினார்.

* நேரடிக் காயம்: முள், ஆணி, கண்ணாடித் துண்டு ஆகியவை ஒரே முறையில் தோலைக் கிழித்தல்.
* தொடர் அழுத்தம்: இறுக்கமான காலணி மெல்லிய அழுத்தத்தை மணிக்கணக்கில் தருதல். அவ்விடத்திற்குக் குருதி செல்லாமல் திசு இறக்கிறது.
* திரும்பத் திரும்ப நிகழும் மிதமான அழுத்தம்: ஒருமுறை நிகழ்ந்தால் எத்தீங்கும் தராத விசை, ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை பட்டு அவ்விடத்தை வீங்கி உடையச் செய்தல்.
* புண்ணோடு நடத்தல்: ஏற்கெனவே சீழ்ப்பிடித்த இடத்தை மிதிப்பதால் தொற்று ஆழத்திற்குப் பரவுதல்.

இவற்றுள் மூன்றாவதே பாதப் புண்களுக்கு முதன்மைக் காரணம் என்று அவர் கூறினார். நலமானவர் நெடுந்தூரம் நடக்கும்போது தம்மை அறியாமலே நடையை மாற்றுகிறார். ஓரிடம் வலிக்கத் தொடங்கியதும் எடை வேறிடத்திற்கு மாறுகிறது. உணர்வற்றவர் முதல் அடி முதல் கடைசி அடி வரை ஒரே விதமாக மிதிக்கிறார். புண் ஆறியபின் அந்த இடத்தில் உண்டாகும் தழும்பு இயல்பான தோலைவிட வலுக்குறைந்தது என்பதால் அடுத்த புண்ணும் அங்கேயே வருகிறது.

புண்ணை ஆற்றுவதற்கு மாவுக்கட்டு முறை பயன்பட்டது. இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் 1930களிலேயே தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்கு மாவுக்கட்டுப் போட்டு நடக்க விட்டிருந்தார். பாதம் முழுவதையும் ஒட்டி அமையும் கட்டு எடையைப் பரப்பிவிடுவதால், நோயாளி நடந்தாலும் புண் ஆறுகிறது. ஆறிய புண் மீண்டும் வராமல் காப்பதற்குக் காலணியே தேவைப்பட்டது.

காலணி ஆய்வுகள்

கடையில் காலணி வாங்குபவர் அதைப் போட்டு நடந்து பார்க்கிறார். கடித்தால் வேறு கேட்கிறார். பனிச்சறுக்கு வீரருக்கெனச் சூடாக்கி வார்க்கும் விலையுயர்ந்த காலணியிலும், எங்கே அழுத்துகிறது என்று வீரர் சொல்லச் சொல்லத்தான் அளவு திருத்தப்படுகிறது. அளவு சரியா என்பதைக் கடைசியாகத் தீர்மானிப்பது அணிபவரின் வலியே. உணர்விழந்தவருக்கு இவ்வழி இல்லை. மேலும், தளர்வான காலணி காலில் இருப்பதே தெரியாததால், அழுத்தம் சிறிதேனும் உணரப்படும் இறுக்கமான காலணியையே அவர் சரியானதெனத் தேர்ந்தெடுப்பதுண்டு. ஆகவே அணிபவர் செய்ய வேண்டிய கணிப்பைக் காலணி செய்பவரும் மருத்துவரும் ஏற்க வேண்டியதாயிற்று.

வேலூரிலும், அதன் அருகே 1955 இல் திறக்கப்பட்ட கரிகிரி ஷீஃபெலின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனையிலும் பிராண்டும் அவருடைய குழுவினரும் பலவகைப் பொருள்களை ஆராய்ந்தனர். மரம், தோல், பிளாஸ்டிக் ஆகியவற்றில் காலணிகள் செய்து பார்க்கப்பட்டன. கடினமான பொருள் பாதத்தின் மேடுகளில் மட்டும் அழுத்தியது. மிக மென்மையான பஞ்சு ரப்பர் எடையால் முழுவதும் அமுங்கிப் பயனற்றுப் போனது. இரண்டிற்கும் இடைப்பட்டதாக நுண்ணறை ரப்பர் தேர்வாயிற்று. ரப்பரைப் பதப்படுத்தும்போது அதனுள் வளிமத்தை உண்டாக்கினால் ஒன்றோடொன்று இணையாத நுண்ணிய அறைகள் தோன்றுகின்றன. ஒவ்வோர் அறையிலும் காற்று அடைபட்டிருப்பதால் அது அமுங்கினாலும் தட்டையாகிவிடாமல் மீள்கிறது. தொழுநோய் மருத்துவமனைகளில் இது எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் அறியப்படுகிறது.

இக்காலணியின் அமைப்பு பின்வருமாறு:

* பாதம் படும் மேலடுக்கு நுண்ணறை ரப்பரால் ஆனது. இது அழுத்தத்தைப் பரப்புகிறது.
* தரையைத் தொடும் அடுக்கு கடினமானது. முள்ளும் ஆணியும் ஊடுருவாமல் தடுக்கிறது.
* ஆணிகள் பயன்படுத்தப்படுவதில்லை. அடுக்குகள் ஒட்டியும் தைத்தும் இணைக்கப்படுகின்றன.
* விரலிடுக்கு வார் தவிர்க்கப்படுகிறது. உணர்வற்ற விரல்கள் செருப்பைப் பற்றிக்கொள்ளாது என்பதால் குதிகாலுக்குப் பின்னால் வார் அமைக்கப்படுகிறது.
* வடிவம் குலைந்த பாதமாயின், பாதத்தின் அச்செடுத்து அதற்கேற்ப மேலடுக்கு வார்க்கப்படுகிறது.
* விரல் அடிப்பகுதியில் மீண்டும் மீண்டும் புண் வருவோருக்கு வளையாத, படகு போல் உருளும் அடிப்பாகம் பொருத்தப்படுகிறது. அடியெடுத்து வைக்கும்போது பாதம் வளையாமல் உருள்வதால் அவ்விடத்தில் விசை குறைகிறது.

இதன் பின்னுள்ள விதி எளியது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது. உடல் எடையைக் குறைக்க இயலாது, அதைத் தாங்கும் பரப்பைக் கூட்டலாம். உள்ளங்கால் முழுவதையும் காலணி தொட்டுத் தாங்கினால் மேடுகளின் சுமை குறைகிறது.

காலணி மட்டும் போதாது என்பதைப் பிராண்ட் வலியுறுத்தினார். ஒவ்வொரு நாள் மாலையும் பாதத்தைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, சிவந்த அல்லது சூடான இடம் உள்ளதா எனத் தேட வேண்டும். புதிய காலணியை முதலில் சிறிது நேரம் மட்டுமே அணிந்து கழற்றிப் பார்க்க வேண்டும். இழந்த உணர்வின் வேலையைக் கண்களுக்குக் கற்பிப்பதே இப்பயிற்சியின் நோக்கமாகும்.

சமூகத் தடையும் இருந்தது. தனித் தோற்றமுடைய செருப்பு, அணிந்தவரைத் தொழுநோயாளி என ஊருக்கு அடையாளம் காட்டியது. இதனால் சிலர் வீட்டிற்கு அருகில் அதைக் கழற்றி வைத்தனர். எனவே சாதாரணக் காலணியைப் போன்ற தோற்றம் கொண்டவை பின்னர் வடிவமைக்கப்பட்டன.

கார்வில் ஆய்வுகள்

1966 இல் பிராண்ட் குடும்பத்துடன் அமெரிக்கா சென்று, லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் மறுவாழ்வுப் பிரிவின் தலைவரானார். அங்கே பொறியாளர்களுடன் இணைந்து பாதத்தின் மீதான அழுத்தத்தை அளக்க முனைந்தார். சாயம் நிரப்பிய நுண்குமிழ்கள் கொண்ட மெல்லிய காலுறையை அணிந்து நடந்தால், அழுத்தம் மிகுந்த இடங்களில் குமிழ்கள் உடைந்து நிறம் பரவியது. எந்த இடத்தில் காலணியைத் திருத்த வேண்டும் என்பதை இதனால் கண்ணால் காண முடிந்தது. வெப்பப் படங்களைக் கொண்டும் புண் வரும் முன்பே வீக்கமுற்ற இடங்கள் கண்டறியப்பட்டன. சூடாக்கினால் மென்மையாகி நேரடியாகப் பாதத்தின் வடிவத்தைப் பெறும் பாலியெத்திலீன் நுரைப் பொருளிலும் காலணிகள் செய்யப்பட்டன.

உணர்வை இழந்தவருக்குச் செயற்கையாக வலியை அளிக்கும் கருவியொன்றை உருவாக்கவும் முயன்றார். கையுறையிலும் காலணியிலும் பொருத்திய உணரிகள் அழுத்தம் மிகும்போது ஒலி எழுப்பின. பின்னர் மின்னதிர்ச்சி தரவும் செய்தன. ஆனால் நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. அதிர்ச்சி வரும் வேலையைச் செய்ய விரும்பியபோது கருவியை அணைத்துவிட்டனர். பல ஆண்டு உழைப்புக்குப் பின் இத்திட்டம் கைவிடப்பட்டது. உண்மையான வலியை விருப்பம் போல் அணைக்க இயலாது என்பதே அதன் பயன் என்ற முடிவுக்குப் பிராண்ட் வந்தார்.

நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண்களும் இதே முறையில் உண்டாவதை அவர் எடுத்துக்காட்டினார். அவை குருதியோட்டக் குறைவால் மட்டுமே வருபவை என்று கருதப்பட்டு, கால் துண்டிக்கப்படுவது வழக்கமாக இருந்தது. கார்வில் குழுவினர் மாவுக்கட்டு முறையையும் தனியே வார்க்கப்பட்ட காலணிகளையும் நீரிழிவு நோயாளிகளுக்கு விரிவுபடுத்தினர். 1986 இல் பிராண்ட் பணி ஓய்வு பெற்றார்.

குடும்பம்

மனைவி மார்கரெட் பிராண்ட் தொழுநோயால் ஏற்படும் கண் பாதிப்புகளில் வல்லுநரானார். இவர்களுக்கு ஆறு குழந்தைகள். தாய் ஈவ்லின் பிராண்ட் கணவரின் மறைவுக்குப் பின்னரும் மலைவாழ் மக்களிடையே பணியைத் தொடர்ந்தார். திருச்சபை ஓய்வளித்த பின்னரும் இங்கிலாந்து திரும்பாமல் மலைகளிலேயே வாழ்ந்து, 1974 இல் 95 ஆம் வயதில் காலமானார். கொல்லிமலையின் வாழவந்தியில் கணவரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

விருதுகளும் நூல்களும்

* 1960 – ஆல்பர்ட் லாஸ்கர் விருது
* 1961 – பிரித்தானிய அரசின் சி.பி.இ. விருது

கையின் இயக்கவியலை விளக்கும் கிளினிக்கல் மெக்கானிக்ஸ் ஆஃப் த ஹேண்ட் (1985) இவரது முதன்மையான மருத்துவ நூலாகும். எழுத்தாளர் பிலிப் யான்சியுடன் இணைந்து ஃபியர்ஃபுல்லி அண்ட் வொண்டர்ஃபுல்லி மேட் (1980), இன் ஹிஸ் இமேஜ் (1984), பெயின்: த கிஃப்ட் நோபடி வாண்ட்ஸ் (1993) ஆகிய நூல்களை எழுதினார். இவரது வாழ்க்கை வரலாற்றை டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட் என்ற பெயரில் டாரதி கிளார்க் வில்சன் எழுதியுள்ளார்.

மறைவும் தாக்கமும்

ஓய்வுக்குப் பின் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாழ்ந்த பிராண்ட், கீழே விழுந்ததில் மூளையுறையின் கீழ் ஏற்பட்ட குருதிக்கசிவால் ஜூலை 8, 2003 அன்று காலமானார்.

1980களில் பரவலான கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொழுநோய் முழுமையாகக் குணமாகிறது. 2005 இறுதியில் இந்தியாவில் நோயாளிகளின் விகிதம் தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழ் குறைந்தது. எனினும் மருந்து கிருமியை மட்டுமே அழிக்கிறது. சிகிச்சை தாமதமானால் இழந்த உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை. நோய் நீங்கிய பின்னரும் பாதத்தை வாழ்நாள் முழுவதும் காக்க வேண்டியுள்ளதால், நுண்ணறை ரப்பர் செருப்புகள் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின் வழியாக வழங்கப்படுகின்றன. நீரிழிவு நோய் மிகுந்துள்ள தமிழ்நாட்டில், உணர்வு குறைந்த பாதமுடையோருக்கும் இத்தகைய காலணிகளே பரிந்துரைக்கப்படுகின்றன.